விண்டோஸ் கைவிட்ட மடிக்கணினியும் இருபது ரிங்கிட் பென்டிரைவும்

பென்டிரைவ் பிறந்த இடத்தைத் தேடி ஜொகூரின் மாசாய்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில் சிங்கப்பூர். அங்கே ஹென் டான் என்பவர் நடத்திவந்த ட்ரெக் 2000 நிறுவனம், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த செபிட் கண்காட்சியில் ‘தம்ப்டிரைவ்’ என்று பெயர் சூட்டி ஒரு சின்னஞ்சிறு சாதனத்தைக் காட்டியது. கொள்ளளவு வெறும் 8 எம்பி. இந்தப் பக்கம் வடக்கே சிலாங்கூரில், நெல்வயலுக்கும் மீனுக்கும் பேர்போன சிகிஞ்சானில் பிறந்தவர் புவா கெயின் செங். தைவானுக்குப் படிக்கப் போனவர், 2000 நவம்பரில் அங்கேயே நண்பர்களோடு ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கி, பென்டிரைவின் மூளையை ஒரே சில்லுக்குள் அடக்கிக் காட்டினார். நம் நாட்டு நாளிதழ்கள் அவரைப் ‘பென்டிரைவின் தந்தை’ என்றே எழுதுகின்றன. சிங்கப்பூர்க்காரர்களும், தாமே முந்தி என்று சொன்ன இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தாரும் அதை ஒப்பியதில்லை. தகப்பன் யார் என்ற வழக்கு ஒருபுறம் கிடக்கட்டும். பிள்ளை உடம்பில் இந்த வட்டாரத்து ரத்தமும் ஓடுகிறது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. படங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. பாட்டு யூடியூபுக்குப் போய்விட்டது. காரில் பக்திப் பாடல் போடுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதனிடம் வேலை இல்லை. அதே வீட்டில், பெரும்பாலும் அலமாரியின் மேல்தட்டில், இன்னொன்றும் சும்மா கிடக்கிறது. இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்று திரையில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூடிவைக்கப்பட்ட மடிக்கணினி அது.

இரண்டையும் ஒன்றாகச் செருகினால் என்ன ஆகும்?

அக்டோபர் 14-க்குப் பிறகு

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியது. அன்றோடு எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதுவும் 2026 அக்டோபர் 13-ஓடு சரி. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெலின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். அந்தத் தலைமுறை கடைக்கு வந்ததே 2017-இன் பிற்பாதியில்தான்.

மாசாய் போன்ற ஊர்களில் இந்தக் கணக்கு வேறு மாதிரி உறைக்கிறது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்ப்பவர்களும், விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டுகிறவர்களும் வாழும் ஊர் இது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிக்கூடம் வீட்டுக்குள் நுழைந்தபோது, இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே கைப்பேசியைச் சுற்றி வகுப்பு நடந்தது. குறைந்த வருமானமுள்ள பி40 குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1,50,000 சாதனங்கள் என்று ‘செர்டிக்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. காத்திருக்க முடியாதவர்கள் கையிலிருந்ததைப் போட்டுப் பழையதை வாங்கினார்கள். நிறுவனங்கள் கழித்துவிட்டு, துடைத்து மறுவிற்பனைக்கு வரும் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட் வகைகள் அவற்றில் நிறைய. 2012-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட தயாரிப்புகள், கல்லுப்போல் உழைப்பவை. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை. செயலியின் தலைமுறை எண் மட்டும் ஆறு, ஐந்து, மூன்று என்று இருப்பதால் தகுதிப் பட்டியலில் இல்லை.

தூக்கி எறிவதென்றால் எங்கே எறிவது? மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகளில் மின்கழிவுக்கு ஆபத்தான கழிவுகளின் பட்டியலில் தனிக் குறியீடே இருக்கிறது. கழிவை நினைத்த இடத்தில் கொட்டினால் என்னவாகும் என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனத்தால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது மின்கழிவு அல்ல, வேறு தொழிலின் கழிவு. ஆனால் ஓடுகிற பொருளைக் குப்பையாக்கும் முன் ஒரு கணம் யோசிக்க வேறு ஊருக்கு இல்லாத காரணம் பாசிர் கூடாங்குக்கு இருக்கிறது.

அந்நியன் அல்ல

அந்தப் பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடியது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். லினக்ஸ் என்றதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் காட்சி பலர் மனதில் வந்துவிடுகிறது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய அதன் கருநிரல்தான் இன்று ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் ஓடுகிறது. உலகின் முதல் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸைத் தவிர வேறொன்றும் இல்லை. 1பெஸ்தாரிநெட் என்ற பள்ளி இணையத் திட்டத்தின் காலத்தில் மலேசியப் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக்குகளும் லினக்ஸ் வாரிசுகளே. பிள்ளைகள் பெயர் தெரியாமலேயே அதில் பாடம் படித்தார்கள்.

வீட்டு மடிக்கணினிக்கு அது வராததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு: போட்டுப் பார்க்காமல் அது எப்படியிருக்கும் என்று தெரியாது, போட்டுவிட்டால் உள்ளே இருந்தது போய்விடும். அந்த முடிச்சை அவிழ்த்தவர் கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர். 2000-இல் அவர் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் வகை, ஒரே குறுந்தட்டிலிருந்து முழுக் கணினியையும் இயக்கியது. 700 எம்பி தட்டுக்குள் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். தட்டை எடுத்துவிட்டால் கணினி பழையபடி விண்டோஸில் எழும். பின்னால் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்தபோது அதை வெளியிட்ட கேனானிக்கல் நிறுவனம் அதேபோன்ற குறுந்தட்டுகளை உலகெங்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பியது. 2011 ஏப்ரலில் அந்தத் தபால் நிற்பதற்குள் தட்டின் இடத்தைப் பென்டிரைவ் பிடித்திருந்தது.

வாடகைக்கு வீடு பார்க்கிறவர் சாமான் செட்டை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டா போகிறார்? கதவைத் திறந்து, குழாயைத் திருகி, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். ‘லைவ்’ முறை என்பது அதுதான். மடிக்கணினியின் வட்டை அது தொடுவதில்லை. வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா ஓடுகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பிடிக்காவிட்டால் அணைத்து, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் போகலாம்.

உள்ளே நடப்பது எளிதாகப் புரியக்கூடியது. மின்சாரம் வந்ததும் மடிக்கணினியின் தாய்ப்பலகையில் உறங்கும் யூஈஎஃப்ஐ என்ற அடிப்படை நிரல் விழிக்கிறது. பென்டிரைவிலிருந்து எழச் சொன்னால், அதில் ஈஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் இருக்கும் சிறு நிரலைத் தேடிப் பிடிக்கிறது. அது ‘கிரப்’ என்ற தேர்வுப் பட்டியலைக் காட்டுகிறது. அதில் ஒன்றைத் தேர்ந்ததும் லினக்ஸ் கருநிரலும் கூடவே ஒரு தற்காலிகக் கோப்பு மூட்டையும் நினைவகத்தில் ஏறுகின்றன. பிறகு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் சுருக்கி வைத்திருக்கும் பெரிய கோப்பு விரிகிறது. முழு இயங்குதளமும் அதற்குள்தான் இருக்கிறது. அதைப் படிக்கலாம், எழுத முடியாது. பயனர் செய்யும் மாற்றங்கள் எல்லாம் அதன்மேல் விரித்த ஒரு மெல்லிய அடுக்கில், நினைவகத்திலேயே எழுதப்படுகின்றன. அதனால்தான் அணைத்ததும் எல்லாம் மறைகிறது. மாற்றங்கள் நிலைக்க வேண்டும் என்றால் பென்டிரைவிலேயே ஒரு பகுதியை அதற்கென ஒதுக்க வழி உண்டு.

பென்டிரைவைத் தயார் செய்தல்

8 ஜிபி போதும். இன்று கடையில் 32 ஜிபிக்குக் குறைவாகக் கிடைப்பதே அரிது. இருபது, முப்பது ரிங்கிட்டுக்குள் வந்துவிடும். இணையச் சந்தையில் ‘2 டெராபைட்’ என்று அடிமாட்டு விலைக்கு வருவதை மட்டும் வாங்க வேண்டாம். அவற்றில் பல, உள்ளே சிறிய சில்லை வைத்துக்கொண்டு வெளியே பெரிய எண்ணைச் சொல்கிற போலிகள். விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸில் ‘எஃப்3’ என்ற இலவசக் கருவிகள் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

எந்த லினக்ஸ் என்ற கேள்விதான் புதியவரைத் திணறடிக்கிறது. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஆராய்ந்தால் ஆயுள் போதாது. விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் பொருந்தும். கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், கோப்புறை எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியானால் அதன் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. 2 ஜிபிதான், அதுவும் 32-பிட் செயலி என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி. மிகப் பழைய 32-பிட் கணினிகளுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு அவற்றுக்கான நிறுவுதட்டையே நிறுத்திவிட்டது. நினைவகம் எவ்வளவாக இருந்தாலும், உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது எந்த இயங்குதள மாற்றத்தையும்விட அதிக வேகம் தரும். இதை மறைத்து லினக்ஸுக்கு மட்டும் புகழ் சேர்ப்பது நேர்மையாகாது.

இறக்கும் கோப்பு ‘ஐஎஸ்ஓ’ என்று முடியும். மின்ட் என்றால் ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டு என்றால் அதன் இரு மடங்கு. அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும்; இறக்கிய பின் அதன் ‘எஸ்எச்ஏ256’ சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். இது வெறும் சடங்காகத் தோன்றலாம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்தையே உடைத்து உள்ளே புகுந்தவர்கள், இறக்கச் சுட்டியைத் திருப்பி, பின்கதவு வைத்த போலிக் கோப்பை மக்களுக்குக் கொடுத்தார்கள். 

கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி எழாது. அதை எழுத ஒரு கருவி வேண்டும். அயர்லாந்தில் இருக்கும் பீட் படார்ட் 2011 முதல் பராமரித்துவரும் ரூஃபஸ், விண்டோஸில் ஓடும் சின்னஞ்சிறு நிரல். இந்த வேலைக்கு இன்றும் அதுவே முதல் தேர்வு. 2020-இல் வந்த வென்டாய் வேறு வழியில் யோசித்தது. அதை ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால் பிறகு எத்தனை ஐஎஸ்ஓ கோப்புகளை வேண்டுமானாலும் சாதாரணமாக நகலெடுத்துப் போடலாம். எழும்போது பட்டியல் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். ஊருக்கே போட்டுக் காட்டுகிறவருக்கு வென்டாய், ஒருமுறை செய்கிறவருக்கு ரூஃபஸ். இரண்டுமே பென்டிரைவில் இருந்ததைத் துடைத்துவிடும். திருமணப் படங்கள் உள்ள பென்டிரைவை இதற்கு எடுக்காதீர்கள்.

கதவு திறக்காதபோது

பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில். பென்டிரைவைச் செருகி மின்விசையை அழுத்தினால் விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும். காரணம், எழும் வரிசையில் உள்வட்டுக்கு முதலிடம். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விசை. ஏசரில் எஃப்12 வேலை செய்ய, முதலில் எஃப்2 அழுத்தி உள்ளே போய் அதை இயக்க வேண்டியிருக்கும். லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் பக்கவாட்டில் ஓர் ஊசித்துளை இருக்கும். அதற்குள் காகிதக் கிளிப்பை நுழைத்து அழுத்தினால் பட்டியல் வரும். விசையை அழுத்தவே நேரம் கிடைக்கவில்லை என்றால் வேறு குறுக்கு வழியும் உண்டு. விண்டோஸுக்குள்ளிருந்தே ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மறுதொடக்கம் கொடுத்தால், எந்தச் சாதனத்திலிருந்து எழ வேண்டும் என்று அதுவே கேட்கும்.

அடுத்தது செக்யூர் பூட். கையொப்பமிட்ட நிரலை மட்டுமே எழவிடும் பூட்டு அது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட் ஆகியவை மைக்ரோசாப்ட் கையொப்பமிட்ட சிறு நிரல் ஒன்றின் வழியாக அந்தப் பூட்டைத் தாண்டிவிடுகின்றன. சிறிய வகைகள் சிலவற்றுக்கு அதை அணைத்துத்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் எச்சரிக்கை. புதிய மடிக்கணினிகளில் விண்டோஸ் தன் வட்டை பிட்லாக்கர் முறையில் பூட்டி வைத்திருக்கலாம். வாங்கியவருக்கே அது தெரிந்திருக்காது. செக்யூர் பூட் அமைப்பில் கைவைத்த பின் விண்டோஸுக்குத் திரும்பினால், 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு நிற்கும். சாவி மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். முன்பே அதை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த அடி. சாவி இல்லாதவர்கள் படங்களை இழந்த கதைகள் இணையம் முழுக்க இருக்கின்றன. இதேபோல், நிறுவும் நேரத்தில் உள்வட்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், இன்டெலின் ஆர்எஸ்டி என்ற வட்டு முறை காரணமாக இருக்கும். அதை ஏஎச்சிஐக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் எழ மறுக்கும்.

விண்டோஸே எழாமல் போன கணினிக்குத்தான் லைவ் பென்டிரைவ் மிகப் பெரிய உதவி. நீலத் திரையில் சிக்கிக்கிடக்கும் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோனால், ‘ஃபார்மட் பண்ணணும்’ என்ற பதில் வரும். பிள்ளையின் ஐந்து வருடப் படங்களும் தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் காணொளியும் அதற்குள் இருக்கும். வட்டு பூட்டப்படாமல், சாகாமல் இருந்தால் பென்டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, விண்டோஸின் கோப்புறைகளைத் திறந்து, இன்னொரு வெளிவட்டுக்கு எல்லாவற்றையும் நகலெடுத்துவிடலாம். கணினிக் கடைக்காரர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். லினக்ஸைப் பிடிக்கவே பிடிக்காதவர்கூட இதற்காகவாவது ஒன்றைச் செய்து வைத்திருக்கலாம்.

பென்டிரைவிலேயே குடியிருக்க நினைப்பவர்கள்

வீட்டுக் கணினியைத் தொட விரும்பாத சிலர், லினக்ஸை நிரந்தரமாகவே பென்டிரைவில் நிறுவிக்கொள்ள ஆசைப்படுவார்கள். முடியும். இரண்டு பென்டிரைவ் வேண்டும்: ஒன்றிலிருந்து எழுந்து, மற்றொன்றில் நிறுவ வேண்டும். ஆனால் சாதாரணப் பென்டிரைவ் இடைவிடாத சிறு எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டதில்லை. நீலநிற யூஎஸ்பி 3.0 துளையில் செருகினாலும் உலாவி திறக்க இழுக்கும், சீக்கிரம் தேயும். தினமும் பயன்படுத்துவதானால் யூஎஸ்பியில் செருகும் வெளிப்புற எஸ்எஸ்டி வாங்குவதே மேல்.

இப்படி வெளியே நிறுவுவதில் ஒரு பழைய பொறியும் இருக்கிறது. உபுண்டு வழிவந்த நிறுவிகள் பல ஆண்டுகளாக ஒரு தவற்றைச் சுமந்து வந்தன. எழுப்பும் நிரலை வெளிவட்டில் போடச் சொன்னாலும், கணினியின் உள்வட்டில் இருக்கும் ஈஎஃப்ஐ பகுதியில் போய் எழுதிவிடும். பிறகு வெளிவட்டு வேறு கணினியில் எழாது. அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக் கணினி ‘கிரப்’ என்ற கறுப்புத் திரையில் விழிக்கும். நிறுவும்போது உள்வட்டைக் கழற்றி வைப்பதோ, அதன் ஈஎஃப்ஐ அடையாளத்தைத் தற்காலிகமாக நீக்குவதோதான் தப்பும் வழி.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் கடிகாரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். லினக்ஸ் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகக் கொள்கிறது; விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்புகிறது. மலேசிய நேரம் எட்டு மணி முன்னால் இருப்பதால், லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் மாலை ஆறு மணிக்குக் காலை பத்து என்று காட்டும். ஒரே ஒரு கட்டளையில் தீர்ந்துவிடும் சங்கதி. அது தெரியாமல் தாய்ப்பலகையின் பேட்டரியை மாற்றியவர்களும் உண்டு.

தமிழும் வேலையும்

தமிழில் தட்டச்சு வருமா என்பது இங்கே முதலில் வரும் கேள்வி. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்த நாடு இது. கணினியில் தமிழ் என்பது இங்கே நாற்பது வயதுக் கதை. லினக்ஸில் ‘ஐபஸ்’ என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும், ரோமன் எழுத்தில் ஒலிக்கேற்ப அடிக்கும் முறையும் கிடைக்கும். நோட்டோ, லோகித் எழுத்துருக்கள் பெரும்பாலும் கூடவே வரும். அஞ்சல் முறையில் பழகிய விரல்களுக்கு ஒலியியல் முறையில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். சில நாளில் பழகிவிடும்.

வருமான வரி மின்பதிவு, ஊழியர் சேமநிதியின் ஐ-அக்கவுன், வங்கி, பள்ளியின் டெலிமா கற்றல் தளம் எல்லாம் உலாவி வழியாக நடப்பவை. ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. கடிதமும் கணக்கும் லிப்ரே ஆபீஸில் முடியும். முடியாதவை: மைக்ரோசாப்ட் ஆபீஸின் முழுப் பதிப்பு, ஃபோட்டோஷாப், ‘வேலரன்ட்’ போன்ற விளையாட்டுகள். பதினைந்து வயதுப் பையன் வீட்டில் இருந்தால் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய தடையாக நிற்கும்.

அரசுகள் முயன்ற கதை

இதையெல்லாம் தனிமனிதர்தான் செய்ய வேண்டுமா, அரசு செய்யவில்லையா என்று கேட்டால், செய்தது. மலேசிய அரசின் மாம்பு அமைப்பு 2004 ஜூலையிலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்து, அதற்கெனத் தனி மையமும் தொடங்கியது. அரசு அலுவலகங்களிலும் சர்வர் அறைகளிலும் அதன் தடம் இருக்கிறது. தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் இன்னும் பெரியது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் ஆய்வு நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007 ஜனவரியில் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆண்டுகள் செல்ல ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. தமிழர் கைகளில் இத்தனை கணினிகளில் லினக்ஸ் போய்ச் சேர்ந்த தருணம் வேறு இல்லை. ஆனாலும் அது ஊரின் பேச்சாக மாறவில்லை. கணினி எழும்போது வரும் பட்டியலில் இரண்டாவது வரியாக அது இருந்தது. மாணவனுக்குத் தெரிந்த அண்ணன், பக்கத்துப் பிரவுசிங் சென்டர், டியூஷன் ஆசிரியர் எல்லோருக்கும் தெரிந்தது முதல் வரி. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லாத மென்பொருளை யார் திறப்பார்கள்? பக்கத்து மாநிலமான கேரளம் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தது. அங்கே அது நின்றதற்கும் தமிழ்நாட்டில் நிற்காததற்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு அந்தப் பயிற்சிதான்.

தமிழ்நாட்டில் அந்த இடைவெளியை அரசுக்கு வெளியே இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் கூடியது. காஞ்சிபுரம், விழுப்புரம் என்று பிற ஊர்களிலும் குழுக்கள் கிளைத்தன. த. சீனிவாசனை ஆசிரியராகக் கொண்டு 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ இதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லித்தந்தது. து. நித்யா எளிய தமிழில் எழுதிய க்னூ/லினக்ஸ் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாசாயில் இருப்பவர் இன்றிரவே இறக்கிப் படிக்கலாம்.

மாசாய்க்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பக்கத்துப் பண்டார் செரி ஆலாமில் யுஐடிஎம் பல்கலைக்கழக வளாகமும் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கழகமும் இயங்குகின்றன. இந்தப் பென்டிரைவைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய மாணவர்கள் அங்கே இருப்பார்கள். தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை, நான்கு மேசை, நீட்டிப்புக் கம்பி, வென்டாய் போட்ட சில பென்டிரைவ்கள் போதும். அலமாரியில் கிடப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அறிவித்தால் வருவார்கள். வருகிறவர்களுக்கு அன்றே நிறுவித் தர வேண்டாம். லைவ் முறையில் அரைமணி நேரம் கையில் கொடுத்தால் போதும். மறுவாரம் சந்தேகம் கேட்க ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். ஐம்பது லட்சம் மடிக்கணினிகளோடு போகாதது அதுதான்.

தனியாகச் செய்யத் துணிந்தவர்கள் இந்த வரிசையைப் பின்பற்றலாம். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளிவட்டில் நகலெடுங்கள். பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். லைவ் முறையில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் அச்சுப்பொறியும் ஒத்துழைத்தால் மட்டும் நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்ற வரி திரையில் வரும்போது எந்த வட்டு என்பதை இரண்டு முறை படியுங்கள்.